ஓட்டைக் காலணா வேண்டுதல்

கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டியில் குடித்தனம் வைத்தபோது என் பங்குக்கு நான் கொண்டுவந்த சொத்து ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் புத்தம் புதுக் காசுகள் இருந்தன. அறுபதுகளில் காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்திலிருந்து சேர்த்தவை. பாங்கில் வேலை பார்த்த ஒருவர் திருவள்ளூரில் எங்கள் தெருக்காரர். புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் எனக்காக ஒன்றிரண்டு எடுத்துவைப்பார். ஒரு கையும் படாத காசுகள். நானே விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பேன். ஒவ்வொன்றையும் பட்டம் விடும் காகிதத்தில் மடித்து அடுக்கியிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஓர் ஆலையில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை கிடைத்தது. ஆலைக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு வரிசை லைன் வீடுகள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். வரிசையின் கோடியில் தகரம் அடித்த ஒரு குளியல் மறைப்பு. ஒரு பக்கத்திலிருந்து உப்புக் காற்றும் இன்னொரு பக்கத்திலிருந்து ஆலைப் புகையும் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காற்று என் காசுகளைத் தின்றுவிட்டது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு மழைக்காலம் முடிந்து டப்பாவைத் திறந்தபோது பாதிக் காசுகளில் மை கொட்டியதுபோல் கறை. மீதியில் வெள்ளைப் புள்ளி. கை படாமல் காத்த காசுகள் இப்போது தொடவே கூசும்படி இருந்தன. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, பூசணம் பிடித்த ஊறுகாயைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்தாள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கடைகளில் செலவழித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் ஆலை வாசலில் இருந்த டீக்கடை. ஒருநாள் கடைக்காரர் மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தார். அதில் தாமரைப்பூ போட்ட இருபது பைசா ஒன்று. பித்தளைக் காசு. அது வெளிவந்து அதிக வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எத்தனை கைகளுக்குப் போய் வந்ததோ, மினுக்கம் எல்லாம் அடங்கி, நெய்யில் வறுத்த முந்திரி நிறத்துக்கு வந்திருந்தது. இதழ்களின் மேடு மட்டும் வெளுத்து, பள்ளத்தில் நிழல் தங்கி, பூ முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. புதுக் காசில் நான் இந்தப் பூவைப் பார்த்திருக்கிறேன். அதில் பளபளப்புதான் தெரியும், பூ தெரியாது.

அன்று டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் புதுக் காசு வேண்டாம், புழங்கிய காசுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன். புழங்கிய காசு என்றால் எல்லாமும் அல்ல. தேய்ந்திருக்க வேண்டும், ஆனால் முகம் அழிந்திருக்கக்கூடாது. நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்த காசு கூடவே கூடாது. தேய்த்தால் செம்பின் பழுப்பு போய், பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி ஒரு சிவப்பு வரும். மறுபடி அந்தப் பழுப்பு வர ஒரு தலைமுறை ஆகும். இப்படியெல்லாம் எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அணாக் காசுகள் அப்போது கடையில் செல்லாது. ஆனால் எந்த வீட்டிலும் சாமி மாடத்திலோ அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ நாலு கிடக்கும். அவற்றைத் தேட ஆரம்பித்தேன்.

டீக்கடைக்காரர் தடாவுக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தினமும் அவருடைய கல்லாப் பெட்டியைக் கவிழ்த்துக் கிளறிப் பார்க்க அனுமதி வாங்கினேன். "இன்னா நைனா தேடறே? டப்பு எல்லாம் ஒரே டப்புதானே?" என்று கேட்பார். பதில் சொல்ல வெட்கமாக இருக்கும். முப்பது வயசு தாண்டியவன், மீசை வைத்தவன், நாலு பேருக்கு போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவன், காசு வைத்து விளையாடுகிறான் என்று எப்படிச் சொல்வது? ஒரு சிநேகிதருக்காகத் தேடுகிறேன் என்று முனகிவிட்டு வந்துவிடுவேன். சில மாதங்களில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதியளவு சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவற்றை ஒரு துண்டின்மேல் பரப்பி வைத்துப் பார்ப்பேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். இருவரும் ஒரே மாதிரிக் குனிந்திருப்போம். எங்களுக்குள் பேச்சு அதிகம் இருக்காது.

எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பழைய இரும்பு வந்து குவியும் முற்றத்தில் தகரம் வேறு, கம்பி வேறு என்று பிரித்துப் போடும் கூலி வேலை அவருக்கு. அவர் வீட்டுக்காரரும் அதே ஆலையில்தான் இருந்தார். சுமை இறக்கும்போது இடுப்பில் அடிபட்டு, வலது கால் விளங்காமல் போய், வீட்டோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். அந்த அக்காவிடம் ஒரு பெரிய செம்பு அரையணா இருந்தது. ராணி தலை போட்டது. எங்கள் வரிசையில் எந்தக் குழந்தை விழுந்து நெற்றி புடைத்தாலும் நேராக அவர் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அரையணாவை எண்ணெயில் தொட்டுப் புடைப்பின்மேல் வைத்து அழுத்தி, குழந்தை அழுகையை நிறுத்தும்வரை பிடித்திருப்பார்.

ஒருமுறை அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எண்ணெயும் விரலும் பட்டுப் பட்டு, பழுத்த புளியங்கொட்டையின் நிறம். ராணியின் கன்னம் வழவழவென்றிருந்தது. தலைப்பின்னலின் ஓர் இழைகூட அழியவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த அழகு முழுவதும் அந்த ஒரு காசில் இருந்தது. விலைக்குத் தருவீர்களா என்று கேட்க வாய் வந்தது. பக்கத்தில் நெற்றி வீங்கிய குழந்தை நின்றதால் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தக் குழந்தை அழுதாலும் என் கண் அந்த வீட்டு வாசலுக்குப் போகும்.

இந்த நிலையில்தான் குளியல் மறைப்பின் விஷயம் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு கோடிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். சாய்ந்த வெயில் தகரத்தின்மேல் விழுந்திருந்தது. தகரத்தைச் சட்டத்தோடு அடித்திருந்த ஆணிகளின் தலையைச் சுற்றி ஏதோ மின்னியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓட்டைக் காலணா. வாஷருக்குப் பதிலாக ஓட்டைக் காலணாவைப் போட்டு ஆணி அடித்திருந்தார்கள். செல்லாமல் போன காசை எந்தத் தச்சனோ அப்படிப் பயன்படுத்தியிருந்தான். மழையிலும் வெயிலிலும் நின்று அவற்றில் பல பச்சை ஏறிப்போயிருந்தன. ஒன்று மட்டும் கூரை விளிம்பின் மறைவில் இருந்ததால் தப்பியிருந்தது. கருஞ்சிவப்பு. மேலே கிரீடம் சுத்தமாக, ஓட்டையைச் சுற்றி ஓடிய எழுத்துகள் வரை தெரிந்தன. எண்ணெய் டின்னைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் தகரத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஆணியைப் பெயர்த்தால் காசு நெளியுமா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் காதில் விழுந்தது, ஆனால் மனசுக்குப் போகவில்லை. பிறகு அந்தச் சத்தம் நின்றது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. இன்னொரு நாள் குறடு கொண்டுவரலாம் என்று நினைத்துக்கொண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆணியில் பார்த்த காசைப் பற்றி மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த சில நாட்கள் குழாயடியில் நின்ற பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு மாற்றம். முகம் கொடுத்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். காசுகள் வரத் தொடங்கின. வேலை முடிந்து வந்தால் என் மனைவி ஒரு காலணாவை எடுத்து நீட்டி, "மூணாவது ஊட்லேந்து குடுத்தாங்க" என்பாள். இன்னொரு நாள் யாரோ ஒரு பழைய அரையணாவை வெற்றிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசுகூட வந்தது. ஆலையில் கிரேன் ஓட்டுபவர் என்னைத் தேடி வந்து ஒரு காசைக் கொடுத்துவிட்டு, என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்தும் யாரும் சிரிக்கவில்லை, மதிக்கிறார்கள் என்று நினைத்தேன். இதற்காகவா இத்தனை நாள் கூச்சப்பட்டோம் என்றிருந்தது. நடையில்கூட ஒரு மிடுக்கு வந்திருக்க வேண்டும். இப்போது நினைத்தால் அந்த நடைதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் கூசுகிறது.

ஒரு சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். என் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசல்படியிலேயே நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தப் பெரிய அரையணாவை என் கையில் வைத்தார்.

அது எரிந்தது. அப்படித்தான் தோன்றியது. புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்திருந்தார். பழுப்பு முழுக்கப் போய், அடுப்பிலிருந்து எடுத்த மாதிரிச் செக்கச் சிவப்பாக, ராணியின் கன்னத்தில் நார் இழுத்த கோடுகளோடு இருந்தது. என் முகம் விழுந்துவிட்டது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அவர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

"தம்பி, எம்மேல கோவம் இருக்கும். அன்னிக்கு உள்ள குளிச்சிக்கினு இருந்தது நான்தான். தகரத்தாண்ட மூச்சு உடற சத்தம் கேட்டுச்சி, சந்துல பாத்தா உங்க சட்டை. நேரா உங்க ஊட்டம்மாவைப் புடிச்சி, கேக்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டுட்டேன். சாமி காரியம்னு எனுக்கு இன்னா தெரியும்? மனசுல வச்சிக்காதீங்க."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. சாமி காரியமா என்று மட்டும் கேட்டேன் போலிருக்கிறது.

"அதான், திருவள்ளூர் பெருமாளுக்குப் பழைய காசு சேத்துப் போடறதா வேண்டிக்கினு இருக்கீங்களே. ஊட்டம்மா சொல்லிச்சி. அதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லல, அழுதுடுச்சி. இன்னா வேண்டுதல்னு எங்களுக்குப் புரியாதா தம்பி? இத்தினி வருசமா ஊட்ல ஒரு கொயந்த இல்லன்னா யாருக்குத்தான் வேதனை இருக்காது. இதையும் சேத்துப் போடுங்க. சாமிக்குப் போறதாச்சேன்னு நல்லா வெளக்கி வச்சேன். உங்க ஊட்லயும் ஒண்ணு தவழட்டும், இவரு காலும் ஒரு வழிக்கு வரட்டும்."

கூடவே ஒரு வெல்லக் கட்டியையும் கொடுத்தார். திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைத்தால் அதுபோல நோயும் கரையும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அக்கா அத்தனை தூரம் போய்வரும்வரை கட்டிலில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் எங்களிடம் கொடுத்தார்.

அவர் போனபிறகு நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். அந்தப் பெண் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே ஓர் ஆணின் மூச்சு கேட்டிருக்கிறது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருப்பார். இத்தனைக்கும் பிறகு, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்.

என் மனைவி குடத்தோடு வந்தாள். என் கையில் இருந்த காசையும் வெல்லத்தையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்து, பிரிமணையைச் சரி செய்து, வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அதற்கு எனக்கு என்ன உரிமை என்று அப்போது யோசிக்கவில்லை.

"பின்ன இன்னா சொல்லச் சொல்றீங்க? கொயாயாண்ட நாலு பேர் எதுர்ல கேக்கறாங்க, உன் புருசன் பொம்பளைங்க குளிக்கற எடத்துல இன்னா பாக்கறாருன்னு. ஆணியில இருக்கற காசைப் பாத்தாருன்னு நெசத்தைச் சொன்னா யாரு நம்புவாங்க? எனக்கே சிரிப்பு வருது. சாமி பேரைச் சொன்னேன். நம்புனாங்க."

"குழந்தைக்குன்னு..."

"அது நான் சொல்லல. அவங்களா நெனச்சிக்கினாங்க. நான் இல்லன்னும் சொல்லல."

அடுப்பைப் பற்றவைத்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் குழந்தை இல்லாததைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்து பேசியதே இல்லை. பேசாமல் இருந்தால் இருவருக்கும் வலிக்காது என்று நான் நினைத்திருந்தேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நாலு பேர் பார்க்க வைத்திருக்கிறாள். எதற்காக என்றால், அவள் புருஷன் ஓட்டைக் காலணாவை நகத்தால் நெம்பினான் என்பதற்காக. அன்று வந்த கூச்சம் எனக்கு உடம்பில் காய்ச்சல் மாதிரி வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அவள் போட்ட சோற்றை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எதிர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. கொடுத்தவர்கள் எல்லோரும் மனசில் ஒன்றை நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள், வேண்டுதல் என்று சொன்னது பொய்யென்றாலும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் அது பொய்யாகாது என்றாள். பிறகு மெதுவாக, பாட்டிலில் இருப்பதையும் சேர்த்துத்தான் என்றாள். எல்லாமே சாமிக்குச் சேர்த்த காசு என்றுதானே அவள் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த அமாவாசைக்குப் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போனோம். எனக்குப் பிறந்து வளர்ந்த ஊர். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். குளக்கரையில் கூட்டம் நெரிந்தது. என் மனைவி படியிறங்கி, எதிர் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி வெல்லத்தைத் தண்ணீரில் விட்டாள். அது கரைந்து முடியும்வரை விரலைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள்.

உண்டியல் முன்னால் வரிசை நின்றது. எங்கள் முறை வந்ததும் அவள் துணி முடிச்சை அவிழ்த்தாள். முதலில் மற்றவர்கள் கொடுத்த காசுகள். ஒவ்வொன்றையும் கொடுத்தவரை நினைத்து, உதட்டை அசைத்து, போட்டாள். எங்களுக்குப் பின்னால் பெரிய நாமம் போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஊர்க்காரர்தான், பேச்சில் தெரிந்தது. எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, இதெல்லாம் செல்லாக் காசுன்னா? கடையில வாங்க மாட்டேன்னுட்டா பெருமாள் தலையில கொண்டுவந்து கட்டறதா?"

வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார். என் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே பழுப்புப் பழுப்பாகக் காசுகள். அதை வேட்டி மடிப்பில் மறைக்கப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் நான் அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "கடையில நீட்டிப் பாத்துட்டுக் கொண்டாரலீங்க சாமி. அவங்க ஊட்ல இருந்ததே இதான். வேண்டிக்கினு குடுத்தாங்க. கொண்டாந்து சேக்கறது எங்க வேலை."

அவர், சரி சரி போடுங்கோ, பின்னால நிக்கறா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து, கொட்டினாள். தாமரைப்பூ போட்ட இருபது பைசாவும் போயிற்று. கடைசியாக அந்தச் சிவந்த அரையணாவை என்னிடம் கொடுத்து என்னையே போடச் சொன்னாள். போட்டேன். அது விளிம்பில் இடித்து, ஒருமுறை புரண்டு, ராணியின் முகம் மேலே தெரிய உள்ளே விழுந்தது. மற்றக் காசுகளின் ஓசையைவிட அதன் ஓசை கனமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். வெங்கல் என்ற ஊரைத் தாண்டியிருப்போம். வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அங்க நிக்கசொல்ல நீங்க இன்னா வேண்டிக்கினீங்க?"

நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. குழந்தையும் நினைவில் இல்லை, எதிர் வீட்டுக்காரரின் காலும் நினைவில் இல்லை. அந்த நார்க் கோடுகள் மறைந்து மறுபடி பழுப்பேற எத்தனை வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் அதோடு முடியும் என்று நினைத்தோம். முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் குழாயடியில் அவளை விசாரித்தார்கள். இன்னும் ஒன்றும் இல்லையா என்று கேட்டார்கள். ஒருவர் ஏதோ வேர் இடித்த மருந்து உருண்டை கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் அரசமரம் சுற்றச் சொன்னார். வேண்டுதலில் ஏதோ குறை வைத்திருக்கிறீர்கள் என்றும் சிலர் சொன்னார்கள். எல்லாம் அக்கறையாகத்தான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாள். வாசல் தாண்டி உள்ளே வந்ததும் குடத்தை வைக்கும் ஓசையில் எனக்கு அன்றைய விசாரணை தெரியும்.

ஒருநாள் காலையில் அந்த ஓசையைக் கேட்கப் பொறுக்காமல் நானே குழாயடிக்குப் போனேன். ஆண்கள் அந்த நேரத்தில் அங்கே போகும் வழக்கம் இல்லை. பெண்கள் குடங்களை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். எதிர் வீட்டு அக்காவும் நின்றிருந்தார். வேண்டுதல் எதுவும் கிடையாது, எனக்குப் பழைய காசு என்றால் ஆசை, அன்றைக்குத் தகரத்தில் இருந்த காசைத்தான் பார்த்தேன், என் மானத்தைக் காப்பாற்ற என் மனைவி அப்படிச் சொல்ல வேண்டியதாயிற்று, இனிமேல் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று சொன்னேன். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

எதிர் வீட்டு அக்காதான் கடைசியில் கேட்டார்.

"அப்ப என் காசு?"

பெருமாளுக்குத்தான் போட்டோம், வெல்லமும் கரைத்தோம் என்றேன்.

"அப்ப செரி," என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளைக்கு எங்களோடு பேச்சு அவ்வளவாக இல்லை. அவர் வீட்டுக்காரர் பிற்பாடு தடி ஊன்றி நடக்கத் தொடங்கினார். கால் முழுக்கச் சரியாகவில்லை. ஆலை கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். குழந்தைகள் நெற்றியில் அடிபட்டுக்கொண்டால் இப்போது எந்த வீட்டுக்கு ஓடுவது என்று தெரியாமல் தாய்மார்கள் நிற்பதை நான் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன். வேறு யாரோ கரண்டிக் காம்பை வைத்து அழுத்துவார்கள். அப்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

குழாயடியில் நான் பேசியதற்காக என் மனைவி எனக்கு நன்றி சொல்லுவாள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருந்தேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். உங்கள் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக என்னை ஊருக்கு நடுவே பொய்க்காரியாக நிறுத்திவிட்டீர்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அவள் சொன்னது சரிதான். அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்து, போவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. குனிந்த தலையை அவள் பக்கம் எப்போது நிமிர்த்துவது என்று தெரியாமல் நாட்கள் போயின.

பிறகு ஒருநாள் டாக்டரைப் பார்க்கப் போகலாமா என்று நான் கேட்டேன். இருவருமா என்று கேட்டாள். இருவரும்தான் என்றேன். திருவள்ளூருக்கும் போனோம், மெட்ராஸுக்கும் போனோம். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஆனால் அந்தப் பஸ் பயணங்களில் நாங்கள் பேச ஆரம்பித்தோம். பேசினால் வலிக்கத்தான் செய்தது.

காசு பொறுக்குவதை நான் அடியோடு நிறுத்தியிருந்தேன். டீக்கடையில் மீதியை எண்ணாமல், பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போய்விட்டு வந்து, காய்கறிப் பையைச் சாய்த்துவிட்டு, மடியிலிருந்த சில்லறையை என் முன்னால் தரையில் கொட்டினாள்.

"வேணும்ன்றதை எடுத்துக்கோங்க. வேற எங்கனா பாத்தா, பாத்துக்கினே நிக்காதீங்க. வாயத் தொறந்து கேளுங்க."

கை நீட்டக் கூசியது. அவள் கத்தரிக்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சில்லறையைப் பரப்பிப் பார்த்தேன். அழுக்கேறிய அலுமினியக் காசுகள், விளிம்பு நசுங்கிய பத்து பைசா, ஒரு கீறல் விழுந்த நாலணா. நல்லதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த நாலணாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.